வாசகர் கேள்வி: சுரங்கப் பாதை ஏன் பிந்தியது?

கேள்வி: சென்னை மெட்ரோவின் மேம்பாலப் பாதை முந்தித் திறக்கப்பட, சுரங்கப் பாதை பிந்தியது ஏன்?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை.

பதில்: கோயம்பேடு–ஆலந்தூர் மேம்பாலப் பாதை 2015 ஜூனிலும், திருமங்கலம்–நேரு பூங்கா சுரங்கப் பாதை 2017 மேயிலும் திறக்கப்பட்டன. உங்களூர்க் கோணேசர் மலையைப்போல முழுதும் பாறையாக இருந்திருந்தால்கூட வேலை இலகுவாகியிருக்கும். சென்னையிலோ களியும் மணலும் கடும்பாறையும் மாறி மாறி வருவதால், துளையிடும் இயந்திரத்தின் வெட்டுப்பற்கள் விரைவில் தேய்ந்துவிட, அவற்றை மாற்றுவதற்குச் சில வேளைகளில் அழுத்தக் காற்று நிரப்பிய முன்னறைக்குள் ஆட்களே நுழையவேண்டும். அத்துடன், இயந்திரம் நகர நகரக் கொங்கிறீட் துண்டுகளை வளையமாகப் பூட்டி, வெளி இடைவெளியில் சாந்து செலுத்தாவிடில், மேலேயுள்ள வீதி தாழ்ந்துவிடும். தூண் நடுவோருக்கு இந்தத் தலைவலி இல்லை. காணி எடுப்பது வேறு கதை.