தைராய்டு மாத்திரையோடு கார்சீனியா கேப்ஸ்யூல் போடலாமா?

கேள்வி: வயது 38, எடை 79 கிலோ. தைராய்டுக்குத் தினமும் மாத்திரை போடுகிறேன். எடை குறைய கார்சீனியா கேப்ஸ்யூலும், முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் கலந்த வைட்டமின் மாத்திரையும் போடச் சொல்கிறாள் தோழி. மூலிகை, வைட்டமின்தானே, போடலாமா?

பதில்: கார்சீனியா வேண்டாம். கேரளத்து மீன் குழம்பில் போடுகிற குடம்புளிதான் அது. குழம்பில் தாராளமாகப் போடுங்கள், கேப்ஸ்யூலில் இருப்பது அந்தப் புளியிலிருந்து செறிவாகப் பிரித்தெடுத்த அமிலம். 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 135 பேரைக் குறைந்த கலோரி உணவில் வைத்து, பாதிப்பேருக்கு 12 வாரம் இதையும் மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்தார்கள். எடை இறங்கியதில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. காசுதானே போகிறது என்று விடவும் முடியாது, சிலருக்குக் கல்லீரலையே பாதித்திருக்கிறது. சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

'மூலிகைதானே' என்பதில்தான் எனக்குப் பயமே. ஒரு பொடி சாப்பிட்ட முதல் வாரமே பசி அடியோடு போய், வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, தூக்கமும் வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக்காக 2010 வாக்கில் பல நாடுகள் விலக்கிய சிபுட்ரமின் என்ற மருந்து, லேபிளில் பெயரே இல்லாமல் 'மூலிகை' பாக்கெட்டுகளில் பலமுறை சிக்கியிருக்கிறது.

சரி, வைட்டமின். குறைபாடு இருந்தால் போட வேண்டியதுதான், ஆனால் கொழுப்பைக் கரைக்கிற வைட்டமின் என்று ஒன்று கிடையாது. உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது பயோட்டின். அதிக அளவில் எடுத்தால் சில லேப்களின் சோதனை முறையில் டிஎஸ்எச் (தைராய்டு மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனை) அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டிஎஸ்எச் குறைந்தால் மருந்து அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அதை நம்பி டாக்டர் உங்கள் தைராய்டு மாத்திரையின் அளவைக் குறைத்தால் உடம்பு இன்னும் மந்தமாகி எடைதான் ஏறும். சோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். அப்புறம், மல்டிவைட்டமினில் இரும்பும் கால்சியமும் இருந்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேர விடாது. நிறைய பேர் காலையில் எல்லா மாத்திரையையும் ஒரே மடக்கில் முழுங்கிவிடுகிறார்கள்! தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, மற்றதற்கு நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கேப்ஸ்யூலுக்கு வைத்திருக்கும் பணத்தில் டிஎஸ்எச், பி12, வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகும்போது தோழி சொன்ன டப்பாக்களின் லேபிளையும் போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.