மெழுகு பதம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் களிமண் நஞ்சை. ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு ஃபுகுவோகாவைப் படித்த பிறகு இரண்டு வருடமாக வயலில் எதுவுமே செய்யவில்லை. உழவும் இல்லை, களையும் எடுக்கவில்லை. மண்ணை மூடி வளரட்டும் என்று, இணையத்தில் வாங்கிய வெள்ளை குளோவர் விதையைத் தூவினேன், முளைத்துக் கருகிவிட்டது. நெல்லை விதைப்பந்தாக வீசினேன், பாதிகூடத் தேறவில்லை. இப்போது வயல் முழுக்கக் கோரை. அப்பா என்னோடு பேசுவதில்லை. நிலத்தைத் திட்டமிட்டு வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறைப் பயிற்சிக்குப் போய்விட்டு, ஜேசிபி வைத்து ‘ஸ்வேல்’ என்கிற பள்ளம் வெட்டலாமா என்று யோசிக்கிறேன். இயற்கை வேளாண்மையும் பெர்மாகல்ச்சரும் ஒன்றுதானா?

க.

அன்புள்ள க.,

“எதுவுமே செய்யவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு அதற்கு ஃபுகுவோகாவின் பெயரைச் சொல்வது இங்கே பெருகிக்கொண்டே போகிறது. சில நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் முதலில் அடிபட்டவரே அவர்தான். ஷிகோகு தீவில் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பியதும் அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. வருடக்கணக்கில் கத்தரிக்குப் பழகிய மரம், கத்தரியை நிறுத்தியதும் தன் இயல்பான வடிவத்துக்குத் தானாகத் திரும்பிவிடாது. டிராக்டருக்கும் உரத்துக்கும் பழகிய உங்கள் வயலும் அப்படித்தான். அவர் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை எப்படித் தாண்டிப் போனீர்கள்?

அவருடைய நெல் வயலின் வருடத்தைப் பாருங்கள். அக்டோபர் தொடக்கத்தில், நிற்கிற கதிருக்குள் குளோவர். மாத நடுவில் பார்லி. நவம்பர் தொடக்கத்தில் நெல் அறுப்பு. அதற்குப் பின் அடுத்த வருடத்து நெல் விதை, பறவையும் எலியும் தின்னாதபடி களிமண்ணில் உருட்டியது. மேலே வைக்கோல். மே மாதம் பார்லி அறுப்பு. ஜூனில் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் கட்டிக் குளோவரை ஒடுக்கினால் நெல் அதைத் தாண்டி எழும்பும். இதில் சும்மா இருந்த மாதம் எது? ஏர் இல்லை, நடவு இல்லை. ஆனால் நாள் தப்பினால் எல்லாம் போச்சு.

வைக்கோலில்கூட அவர் கண்டிப்பானவர். நெல் வைக்கோல் பார்லிக்கு, பார்லி வைக்கோல் நெல்லுக்கு. மாற்றிப் போட்டால் ஒரு பயிரின் நோய் அடுத்ததற்கு ஒட்டாது. தாளை நறுக்கக் கூடாது, குறுக்கும் நெடுக்குமாக விழ வேண்டும். அழகாக அடுக்கிப் பரப்பினால் முளை மேலே வர வழி இருக்காது.

வெள்ளை குளோவர் குளிர்நாட்டுப் பயிர். டெல்டா வெயிலில் கருகாமல் என்ன செய்யும்? அந்த இடத்தில் நம் ஊரில் இருப்பது உளுந்து. சம்பா அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள் ஏக்கருக்குப் பத்து கிலோ விதைப்பார்கள். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும்: கால் வைத்தால் தடம் விழ வேண்டும், கால் புதையக் கூடாது. ஈரம் மிஞ்சினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. முளைத்ததற்கு உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மிச்ச ஈரத்திலும் பனியிலுமே எழுபது நாளில் விளைந்துவிடும். ஜப்பானிலிருந்து நீங்கள் தருவிக்கப் பார்த்ததில் பாதி உங்கள் அப்பாவின் காலடியில் இருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவருடைய கோபம் தத்துவத்தின் மேல் இல்லை க., கோரையின் மேல்.

பெர்மாகல்ச்சர் பற்றிக் கேட்டீர்கள். பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இருந்து 1978இல் முதல் புத்தகம் போட்டார்கள். அதில் மரங்களுக்கும் பல்லாண்டுப் பயிர்களுக்கும்தான் முதலிடம். உழாமல் தானியம் விளைவிப்பதற்கான விடையை மோலிசன் ஃபுகுவோகாவிடம்தான் கண்டார்; 1979இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் அவரைக் கொண்டாடியும் எழுதினார். இரண்டுக்கும் உறவு அங்கே. பெர்மாகல்ச்சர் முதலிலேயே திட்டம் போட்டு, மண்ணை வெட்டி, நீரோட்டத்தை அமைத்துவிட்டுப் பிறகு கையை எடுக்கப் பார்க்கும். ஃபுகுவோகா செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இதைச் செய்யாவிட்டால் என்ன’ என்று பார்த்துக் கழித்தவர். பயிற்சிக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

ஜேசிபி மட்டும் வேண்டாம். ஸ்வேல் சரிவு நிலத்தில் ஓடும் தண்ணீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்குவதற்கு. தாம்பாளம் போலக் கிடக்கும் களிமண்ணில் அதை வெட்டினால் ஐப்பசி கார்த்திகையில் குட்டைதான் மிஞ்சும். உங்கள் வயலுக்குத் தேவை வடிகால். அடைந்து கிடந்தால் அதைத் தூர் எடுங்கள்.

இனி கோரை. ஒரே ஒரு கோடை உழவு போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிழங்கு மேலே வந்து சித்திரை வெயிலில் காய வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கிழங்கைத் துண்டாக்கி நீங்களே நட்டதாக ஆகிவிடும். அடுத்த மழைக்குப் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு இருபது கிலோ, நெருக்கமாக. கோரைக்கு நிழல் ஆகாது. ஆளுயரம் வளரும் பூண்டு அதை அமுக்கும். பூக்கும் பருவத்தில், நாற்பத்தைந்து நாள் வாக்கில், மடக்கிவிட்டுச் சம்பா வையுங்கள். ஒரே வருடத்தில் கோரை முழுவதும் போய்விடாது, அடுத்த கோடையிலும் தக்கைப்பூண்டு போட வேண்டியிருக்கும்.

தையில் உளுந்து. ஆள் வைத்து அறுத்தால் மேலே சொன்ன கணக்கு. செயின் வைத்த அறுவடை வண்டி இறக்குவதாக இருந்தால் நாலைந்து நாள் முன்பு மட்டும் தெளியுங்கள். அதற்கும் முந்தினால் முளைத்த கன்று செயினுக்கடியில் நசுங்கும். வண்டி பின்னால் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோல் வரியை அன்று மாலையே கையால் உதறிப் பரப்புங்கள். இரண்டு நாள் விட்டால் அதன் கீழே உளுந்து வெளுத்து, வளைந்து கிடக்கும். வைக்கோலுக்கு வியாபாரி வருவார். மாட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வயலிலேயே விடுங்கள். மூடாக்கு இல்லாமல் களிமண் வெடித்துவிட்டால் உளுந்து குடிக்க வேண்டிய ஈரம் அந்த வெடிப்பு வழியே போய்விடும்.