இட்டேரியில் ஒரு டப்பா: ஜியோகேச்சிங் கேள்வி – பதில்

ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் போனையோ ஜிபிஎஸ் கருவியையோ வைத்துக்கொண்டு தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். பொது ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஒருவர் முதல் வாளியை ஒளித்துவைத்தார். ஒளித்துவைத்த டப்பாவுக்குக் 'கேச்' என்று பெயர்; அதைக் கண்டவர் இணையத்தில் 'கண்டேன்' என்று பதிவு போடுவார். விளையாட்டு இவ்வளவுதான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பஞ்சாயத்து.

கேள்வி: சென்னிமலைப் பக்கம் நான் வெச்ச கேச்சை வெளியூர்க்காரர் ஒருத்தர் தேடியிருக்காருங்க. கிடைக்கலை. "காணாமப் போயிருக்கும்போல, புதுசா ஒண்ணு வெச்சுட்டேன்"னு எழுதி, 'கண்டேன்'னு பதிவும் போட்டுட்டார். என்னோட டப்பா அங்கேயேதான் இருக்குது. அவர் பதிவை அழிச்சா தப்புங்களா?
– வாசகர், பெருந்துறை

தப்பில்லை. இதற்கு 'த்ரோடவுன்' என்று பெயர். செய்கிறவர் உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார். ஆனால் அவர் உங்கள் டப்பாவைக் கண்டுபிடிக்கவில்லை, தன் டப்பாவைத்தான் கண்டுபிடித்திருக்கிறார். அதைவிடப் பெரிய தொல்லை இனிமேல் வரும். பாறை இடுக்கில் உங்களுடையது ஒன்று, பாறை அடியில் அவருடையது ஒன்று என இரண்டு டப்பா கிடக்கும். ஐந்துக்குக் கடினம் 3.5 என்று நீங்கள் போட்டிருப்பீர்கள். வருகிறவர் கீழே கிடக்கும் ஃபிலிம் டப்பாவை ஒரே நிமிடத்தில் எடுத்து, "இதுக்கா மூணரை?" என்று எழுதிவிட்டுப் போவார். அந்த டப்பா நனைந்தாலும் உடைந்தாலும் பார்க்க ஆள் இல்லை.

முதலில் நேரில் போய் வேற்று டப்பாவை எடுத்துவிடுங்கள். அதன் தாளில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று படம் எடுத்து வையுங்கள். விஷயம் தெரியாமல் அதில் கையெழுத்திட்டவர்களின் பதிவைத் தொட வேண்டாம், அவர்கள் மேல் பிழை இல்லை. வைத்தவருக்குத் தனிச்செய்தி அனுப்பி, 'கண்டேன்' என்பதை 'கிடைக்கவில்லை' என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, மாற்றாவிட்டால் அழியுங்கள். பிறகு பராமரிப்புப் பதிவில் "அசல் டப்பா இருக்கிறது, வேறொன்று அகற்றப்பட்டது" என்று மட்டும் எழுதுங்கள். எந்த இடுக்கு என்று எழுதினால் விளையாட்டே போயிற்று.

நனைந்த தாளுக்குப் பக்கத்தில் காய்ந்த தாள் ஒன்றைச் செருகிவிட்டுப் போவது வேறு. அது உண்மையான உதவி, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். புது டப்பா வைப்பது என்றால், உரிமையாளர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் மட்டுமே.

கேள்வி: காங்கயம் – தாராபுரம் ரோட்டுல இருந்து பிரியற ஒரு இட்டேரியில கேச் வைக்கலாம்னு இருக்கேனுங்க. இட்டேரி பொதுவழிதானுங்களே, யாரைக் கேக்கோணும்?
– வாசகர், காங்கயம்

வழி பொதுவாக இருக்கலாம், வேலி பொது அல்ல. இரண்டு பக்கக் கிளுவை வேலியும் அந்தந்தக் காட்டுக்காரருடையது. திறந்த வானத்தின் கீழேயே போன் ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும். நீங்கள் அளந்ததில் ஒரு பிழை, தேடுகிறவர் போனில் ஒரு பிழை, இரண்டும் சேர்ந்தால் பத்து மீட்டர் நீளத்துக்கு வேலியைக் குடைவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காடாக, அதாவது மேய்ச்சல் காடாக, இருந்தால் விபரீதம். அங்கே கொழுக்கட்டைப் புல்லிலும் வெள்வேல மரத்தடியிலும் மாடுகள் மேய்ப்பாள் இல்லாமல் மேய்வதே வேலியை நம்பித்தான். நாலு கிளுவைக் கொம்பு ஒடிந்து ஒரு சந்து விழுந்தால் ஆடு தாண்டும், கன்று தாண்டும். அடுத்த ஆள் வந்து தேடும்போது காட்டுக்காரர் சும்மா பேசமாட்டார்.

ஆகவே இரண்டு பக்கக் காட்டுக்காரரையும் கேளுங்கள். சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) நேரில் போவதுதான் முறை, பால் கறக்கும் நேரத்தில் போகாதீர்கள். டப்பாவைக் கையில் கொண்டுபோய்த் திறந்து காட்டுங்கள். "மாசத்துக்கு நாலஞ்சு பேர் வருவாங்க, வேலியைத் தொடமாட்டாங்க, தொந்தரவுன்னா ஒரு போன் பண்ணுங்க, அன்னைக்கே எடுத்துடறேன்" என்று சொல்லி எண்ணைக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மறுபடி கேட்டு நிற்காதீர்கள். சரி என்றால் கேச்சின் இணையப் பக்கத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: அனுமதி வாங்கியது, வண்டி எங்கே நிறுத்துவது, டப்பா வேலிக்குள் இல்லை, படலைத் திறந்தால் மூடிவிட்டு வர வேண்டும். காடு கைமாறினால் பழைய அனுமதி செல்லாது, புதியவரைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, டப்பாவைக் கல் குவியலிலோ வேலி அடியிலோ வைக்காதீர்கள். வறண்ட காட்டுக் கல்லுக்கு அடியில் சுருட்டை விரியன் சுருண்டு கிடக்கும். கையை விட்டுத் துழாவ வைக்கும் ஒளிப்பு இந்தச் சீமைக்கு ஆகாது. நெஞ்சு உயரத்தில், கண்ணால் பார்த்து எடுக்கும்படி இருக்கட்டும். மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் கூடவே கூடாது. குழி தோண்டிப் புதைப்பதும், மரத்தில் ஆணி அடிப்பதும் விளையாட்டின் விதிக்கே விரோதம்.

கேள்வி: ஊர்க்கோடி வேப்பமரத்தடியில, கன்னிமார் கல்லுக்குப் பின்னால வெச்ச டப்பாவை ஊர்க்காரங்க எடுத்து எரிச்சுட்டாங்க. போலீசுக்குப் போகலாமுங்களா?
– வாசகர், கொடுமுடி

போய் என்ன சொல்வீர்கள்? அவர்கள் கண்ணில் பட்டதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சாமி கல்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்த மூடிய டப்பா. உள்ளே சுருட்டிய தாளில் வரிசையாகப் பெயர்கள், ஒரு சின்ன பொம்மை, நாணயம், சிவப்புக் கயிறு. தேடி வருகிறவர்கள் மாற்றிக்கொள்ளும் பரிசுப்பொருள் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஊருக்கு அது செய்வினை. கேட்காமல் சாமி இடத்தில் வைத்தது உங்கள் பிழை. கோயில், நடுகல், சுடுகாடு, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஆகியவற்றை விட்டு நன்றாக விலகி வையுங்கள்.

நகரத்தில் பயம் வேறு மாதிரி. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பைக் கண்ட கோயம்புத்தூர், கேட்பாரற்ற பெட்டியைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோகாது, போகவும் கூடாது. ரயில் நிலையம், பேருந்து நிலையம், மேம்பாலத் தூண், கூட்டம் கூடும் இடம் எதுவும் வேண்டாம். கறுப்பு டேப் சுற்றிய பிவிசி குழாய், வயர் தெரியும் எதுவும், ராணுவத் தோட்டாப் பெட்டி ஆகியவை வெளிநாட்டு வீடியோவில் அழகாக இருக்கும், இங்கே வெடிகுண்டு நிபுணர்களை வரவழைக்கும்.

சரியான டப்பா இப்படி இருக்கும்: உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக், கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, நான்கு பக்கமும் கிளிப், மூடியில் ரப்பர் வளையம். ஸ்டீல் டிபன் பாக்ஸில் தண்ணீர் இறங்கும். தாளை ஜிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேருங்கள். பால்பாயின்ட் பேனா ஈரத்தாளில் சரியாக எழுதாது என்பதால் பென்சில் வையுங்கள். மிட்டாய் வைத்தால் எறும்பும் எலியும் முதலில் 'கண்டேன்' போடும். மூடிமேல் தமிழில் ஒட்டுங்கள்: "இது ஜியோகேச்சிங் விளையாட்டுப் பெட்டி. ஆபத்தான பொருள் எதுவும் இல்லை. திறந்து பார்க்கலாம். தொந்தரவாக இருந்தால் அழையுங்கள்", கீழே உங்கள் எண். ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியிருப்பது, டப்பாவை முதலில் காணும் ஆடு மேய்ப்பவருக்கு உதவாது.

தேடும்போது யாராவது "என்னங் தேடறீங்?" என்று கேட்டால் "சும்மா" என்று சொல்லாதீர்கள். சந்தேகம் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கும். போனைக் காட்டி உள்ளதைச் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களும் சேர்ந்து தேடுவார்கள்.

கேள்வி: கேச் போட்டவர் கொடுத்த இடத்துக்கும் டப்பா இருக்கற இடத்துக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல வித்தியாசமுங்க. பதிவுல எழுதினேன், "உனக்குப் போன் பார்க்கத் தெரியலை"ன்னு திட்டறார்.
– வாசகர், சூலூர்

திட்டியது தவறு, ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கலாம். ஒன்றேகால் கிலோமீட்டர் பிழை ஜிபிஎஸ்ஸில் வராது, எண்ணை எழுதும் முறையில் வரும். கூகுள் மேப் 11.0168 என்று தசமப் பாகையில் கொடுக்கிறது. கேச் பக்கங்களில் பாகையும் தசம நிமிடமும், அதாவது வடக்கு 11° 01.008' என்று இருக்கும். இரண்டும் ஒரே இடம். ஆனால் 11.0168-ஐ 11° 01.68' என்று அடித்துவிட்டால் வடக்கே சுமார் 1.24 கிலோமீட்டர் போய்விடுவீர்கள். பின்னத்தை 60-ஆல் பெருக்கினால்தான் நிமிடம். தீர்க்கரேகையிலும் இதையே பாருங்கள்: 76.9558 என்பது 76° 57.348'. யாராவது 76° 95.58' என்று எழுதியிருந்தால் அங்கேயே பிழை பிடிபடும், நிமிடம் 60-ஐத் தொடாது.

இடம் போடுகிறவர்களுக்கும் ஒன்று. நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் வடக்கு தெற்கில் ஏறக்குறைய 1.85 மீட்டர். ஒரே தடவை பார்த்துக் குறிக்காமல், வேறு வேறு நாளில், வேறு வேறு திசையிலிருந்து வந்து மூன்று நான்கு முறை அளந்து சராசரி எடுங்கள். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குள் மட்டை மறைப்பதால் பிழை கூடும், அங்கே குறிப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி: பன்னெண்டு பேர் போய், தாள்ல ஒரே குழுப் பெயரை எழுதினோம். உரிமையாளர் எல்லார் பதிவையும் அழிச்சுட்டார். பேனா இல்லாம டப்பாவைப் படம் எடுத்துப் போட்ட ஒருத்தரை மட்டும் விட்டுட்டார். இது என்ன நியாயம்?
– வாசகர், ஈரோடு

தாளில் பெயர் இல்லாத பதிவை அழிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. சின்னத் தாளில் இடம் அடைபடாமல் குழுப் பெயர் எழுதுவது வழக்கம்தான். ஆனால் "நாங்கள் இன்ன குழுப் பெயரில், இன்ன தேதியில் எழுதினோம்" என்று ஒவ்வொருவரும் இணையப் பதிவில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் எதை வைத்து ஒப்பிடுவார்? அதைச் சேர்த்து மறுபடி பதிவிடுங்கள். பன்னிரண்டு பேரும் உண்மையிலேயே அங்கே போயிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறோம்.

பேனா இல்லாதவரை விட்டது அவர் கருணை, அதைக் காட்டி நீங்கள் உரிமை கேட்க முடியாது. "படம் போட்டால்தான் ஏற்பேன், கவிதை எழுதினால்தான் ஏற்பேன்" என்று சாதாரண டப்பாக் கேச்சுக்கு உரிமையாளர் நிபந்தனை போடுவதும் 2009-லிருந்து செல்லாது.

கேள்வி: வெள்ளியங்கிரி, ஆனைமலைப் பக்கம் ஏன் கேச்சே விடமாட்டேங்கறாங்க?
– வாசகர், தொண்டாமுத்தூர்

காப்புக்காடு, புலிகள் காப்பகம், வெள்ளோடு போன்ற பறவைகள் சரணாலயம் எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் டப்பா வைக்கவும் கூடாது, வழிவிட்டு உள்ளே போகவும் கூடாது. டப்பாவே இல்லாத எர்த்கேச் போடுங்கள். சிவன்மலை வட்டாரத்து நெஃபலின் சையனைட் (syenite) பாறை புவியியலாளர்களுக்குப் பழக்கமான பெயர். எல்லோரும் போகக்கூடிய இடத்தில் நின்று பாறையைப் பார்த்து விடை சொல்லும்படி இரண்டு மூன்று கேள்வி வைத்தால் போதும். விடையை அனுப்பியவர் உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் பதிவிடலாம்.

கேள்வி: பக்கத்துல ஒரு கேச்சும் இல்லை. ஆனாலும் "161 மீட்டருக்குள்ள இன்னொண்ணு இருக்கு"ன்னு ரிவ்யூவர் மறுத்துட்டார்.
– வாசகர், திருப்பூர்

இரண்டு கேச்சுக்கு நடுவே 161 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. புதிரை விடுவித்தால்தான் கிடைக்கும் புதிர்க் கேச்சின் உண்மையான இடம் வரைபடத்தில் தெரியாது, புதுக் கேச்சுகளைப் பார்த்து அனுமதிக்கும் ரிவ்யூவருக்குத் தெரியும். எங்கே என்று கேட்டு நச்சரித்தால் புதிரின் விடையைக் கேட்டது போல ஆகும். வேறு இரண்டு இடத்தைக் கொடுத்து எது தோது என்று கேளுங்கள்.

கேள்வி: வெளிநாடு போயிட்டவரோட கேச் ஒண்ணு ரெண்டு வருசமா உடைஞ்சு கிடக்குது. ரிவ்யூவர்கிட்டச் சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதுங்களா?
– வாசகர், நாமக்கல்

ஆகாது. ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டாம். 'உரிமையாளர் கவனத்துக்கு' என்ற பதிவில் மூடி உடைந்தது, தாள் கூழானது என்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். கோபம் வேண்டாம். உரிமையாளர் சரிசெய்ய நியாயமான அவகாசம் சுமார் நான்கு வாரம். அதற்குள் பதிலே இல்லையென்றால் 'ரிவ்யூவர் கவனத்துக்கு' போடுங்கள். தேடிக் கிடைக்காதவர்களும் வெட்கப்படாமல் 'கிடைக்கவில்லை' என்று பதிவிட்டிருந்தால் இரண்டு வருடம் இழுத்திருக்காது. அந்த இடம் காலியானதும் நீங்களே அங்கே புதிதாக ஒன்று வைக்கலாம், காட்டுக்காரரைக் கேட்டுவிட்டு. பழைய டப்பாவின் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவர ஒரு பை கொண்டுபோங்கள்.