ஆடலரங்கு கேள்வி – பதில்: கதவைப் பூட்டிய கை

கேள்வி: நான் 14 ஆண்டுகள் பரதநாட்டியம் பயின்று, இப்போது சிறிய நடன வகுப்பொன்றை நடத்தி வருகிறேன். ஆறு மாணவிகளைக் கொண்டு, வீட்டை விட்டுப் புறப்படும் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பத்து நிமிடச் சமகால நடனம் ஒன்றை அமைத்திருக்கிறேன். ஆடும்போது நெஞ்சு அடைப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் ஒத்திகை பார்க்க வந்த பெற்றோர் "வடிவாய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் முகத்திலும் எந்த அசைவும் இல்லை. எங்கே பிழை விடுகிறேன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: "வடிவாய் இருக்கிறது" என்ற அந்தச் சொல் எனக்கும் பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ இதே கருவில் நான் அமைத்த முதல் நடனம் முடிந்து மண்டப வாசலில் நின்றபோது, ஒருவர் பின் ஒருவராக வந்து அதைத்தான் சொல்லிச் சென்றார்கள். அந்த நடனத்தில் ஆடியவர்கள் கைகளால் முகத்தை மூடினார்கள், வானத்தை நோக்கிக் கையேந்தினார்கள், நிலத்தில் விழுந்து புரண்டார்கள். துயரத்தை நான் அவர்களிடம் கேட்டேன், அவர்களும் மனமாரத் தந்தார்கள். ஆனால் அந்தத் துயரம் எதனால் வந்தது என்பதை மேடையில் ஓர் இடத்திலும் நான் வைக்கவில்லை. அவையில் இருந்தவர்கள் அழுகிறவர்களைக் கண்டார்களே தவிர, தாங்கள் அழுவதற்கு ஒரு காரணத்தைக் காணவில்லை.

நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், பார்ப்பவர் அனுபவிக்கும் உணர்வுச் சுவையான ரசம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லும் சூத்திரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். விபாவம், அனுபாவம், வியபிசாரி பாவம் ஆகியவற்றின் சேர்க்கையால் ரசம் பிறக்கிறது என்பது அதன் பொருள். உணர்வை எழுப்பும் காரணமும் சூழலும் விபாவம். அதனால் உடலில் வெளிப்படும் செயல் அனுபாவம். சோர்வு, ஐயம், நினைவு, பதற்றம் என்று வந்து வந்து மறையும் 33 சிறு நிலைகள் வியபிசாரி பாவம். இந்தச் சூத்திரத்தில் எது இல்லை என்று கவனியுங்கள். சோகம் முதலான நிலைத்த உணர்வைக் குறிக்கும் ஸ்தாயி பாவத்தின் பெயர் அதில் இல்லை. பழைய உரையாசிரியர்களும் இதைக் கவனித்து வாதிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் ஒருபுறம் இருக்க, நடனம் அமைக்கும் எனக்கு அது நேரடியான செய்முறைக் குறிப்பாகவே படுகிறது: காரணத்தை வை, செயலை வை, இடையிடையே தோன்றி மறையும் சிறு சலனங்களை வை, சோகத்தை நீ வைக்க வேண்டியதில்லை, அது பார்ப்பவரிடத்தில் தானே உண்டாகும்.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துத் தருகிறது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு களங்களையும் அது சொல்கிறது. அழுகைக்குச் சொல்லப்பட்டவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. உங்கள் நடனத்தில் வீட்டை விட்டுப் போகும் குடும்பம் இந்த நான்கில் எதற்காக அழுகிறது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் ஓர் அசைவைக்கூட அமைக்க முடியாது என்பது என் துணிபு, ஏனெனில் நான்கும் உடலில் நான்கு விதமாகவே இருக்கின்றன. இழவு என்றால் கை எதையோ தேடிக்கொண்டிருக்கும். பிறரால் இழிவுபடுத்தப்பட்டுப் போகிறவர்கள் என்றால் தோள் ஒடுங்கும், கண் மற்றவர் கண்ணைத் தவிர்க்கும். அசைவு, அதாவது இருந்த நிலையிலிருந்து தளர்ந்து தாழ்தல் என்றால், நிமிர்ந்து நடந்த பழக்கம் முதுகில் அப்படியே இருக்க, கால் மட்டும் அதற்கு உடன்பட மறுக்கும். வறுமை என்றால் எதை எடுப்பது, எதை விடுவது என்று கை கணக்குப் பார்க்கும். "துயரம்" என்ற ஒரே சொல்லை ஆறு பேருக்கும் கொடுத்துவிட்டால் இவை நான்கும் ஒன்றாகக் கலங்கி, பொதுவான ஒரு வாட்டம் மட்டுமே மிஞ்சும். பெற்றோர் கண்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

என்னுடைய அந்த முதல் நடனத்தை மறுபடி அமைத்தபோது, "கவலையாக ஆடுங்கள்" என்று சொல்வதை நிறுத்திவிட்டு ஆடுபவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: நீங்கள் குடியிருந்த ஒரு வீட்டிலிருந்து கடைசியாகப் புறப்பட்ட நாளில், கடைசியாகக் கண்ட கை யாருடையது, அது என்ன செய்தது? ஒருத்தி யோசிக்காமலே சொன்னாள்: "அம்மா கதவைப் பூட்டிப்போட்டு, பூட்டு விழுந்ததோ எண்டு ரெண்டு தரம் இழுத்துப் பாத்தவ." அதைச் செய்து காட்டச் சொன்னேன். வலக்கை திறப்பைத் திருப்புகிறது, இடக்கை கதவின் பிடியைப் பற்றுகிறது, உடலின் பாரம் குதிக்காலுக்குப் போகிறது, ஓர் இழுப்பு, மூச்சு நிற்கிறது, மறுபடி ஓர் இழுப்பு, முதலாவதைவிட மெதுவாக. அவ்வளவுதான். ஆறு பேரும் இதை எட்டு முறை செய்வதாக அமைத்தோம். ஐந்தாம் முறையில் திறப்பைத் திருப்பும் அசைவை எடுத்துவிட்டோம். ஆறாம் முறையில் கதவையும் எடுத்துவிட்டோம். கை காற்றைப் பற்றி இழுத்தது, இழுவைக்கு எதிர்நிற்க ஒன்றும் இல்லாததால் உடல் பின்னால் சாய்ந்து தடுமாறியது. எட்டாம் முறையில் இழுக்கப் போன கை நடுவழியில் நின்றது, அப்படியே நெடுநேரம் நின்றது.

ஆடிய ஆறு பேரில் ஒருவரும் அழவில்லை. விழாமல் நிற்பதற்கே அவர்களுடைய கவனம் முழுவதும் தேவைப்பட்டது. ஆனால் இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தன் சட்டைப்பையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைப் பக்கத்திரைக்குப் பின்னால் நின்ற நான் கண்டேன். அன்று "வடிவாய் இருக்கிறது" என்று ஒருவரும் சொல்லவில்லை.

பார்ப்பவரின் உடலும் ஆடுகிறது என்பதற்கு ஆய்வு வழியிலும் ஓர் ஆதாரம் உண்டு. பலே நடனக் கலைஞர்களுக்கும், பிரேசில் நாட்டின் தற்காப்புக்கலை ஆட்டமான கபோயிராவின் கலைஞர்களுக்கும் இரு வகை ஆட்டங்களின் காணொளிகளையும் காட்டி, அவர்களுடைய மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்த ஆய்வொன்று 2005ல் வெளியானது. அசைவைக் காணும்போது இயங்கும் பகுதிகள், தாம் பயின்ற ஆட்டத்தைப் பார்த்தபோதே இரு சாராருக்கும் கூடுதலாக இயங்கின. அதிலிருந்து எனக்காக நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: நமது மண்டபங்களில் வந்து அமர்பவர்கள் பலர் சமகால நடனம் பயின்றவர்கள் அல்லர், ஆனால் பூட்டை இழுத்துப் பார்ப்பது, பையைத் தூக்குவது, சேலையை இருவராய்ப் பிடித்து மடிப்பது எல்லாம் அவர்களுடைய உடலுக்கு நன்கு தெரியும். அங்கிருந்து தொடங்கினால் அவர்கள் உங்களோடு வருவார்கள்.

முகத்தைப் பற்றியும் ஒன்று. பரதம் பயின்ற பிள்ளைகளுக்கு, உடல் எதையும் செய்யுமுன் முகம் முந்திக்கொண்டு சொல்லிவிடும். மிதிலையில் ஆடும் பெண்களைப் பாடும் கம்பர், "கைவழி நயனம் செல்லக் கண்வழி மனமும் செல்ல" என்று கையையே முதலில் வைக்கிறார். ஒரு வாரம் உங்கள் மாணவிகளை முதுகைக் காட்டி ஆடவிட்டு, நீங்கள் கடைசி வரிசையில் போய் இருந்து பாருங்கள். அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் 1930ல் ஆடிய ‘லமென்டேஷன்’ (புலம்பல்) என்ற தனிநடனத்தில், குழாய்போல் தைத்த நீளும் துணிக்குள் உடலை அடக்கி, பெரும்பாலும் ஒரு வாங்கில் இருந்தபடியே ஆடினார். முழங்காலும் முழங்கையும் துணியை உள்ளிருந்து தள்ளும் தள்ளலிலேயே அந்தத் துக்கம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: நான் அமைக்கும் நடனங்களுக்குத் திரைப்படப் பின்னணி இசையைப் பயன்படுத்துகிறேன். வயலின் எழும் இடத்தில் அவையோர் கண்கலங்குவதைப் பார்க்கிறேன். உணர்வை எழுப்ப இதைவிட வேறு வழி தேவையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இசையை நிறுத்திவிட்டு ஒருமுறை முழு நடனத்தையும் ஆடவிடுங்கள். அப்போதும் ஏதாவது மிஞ்சினால் அது உங்களுடையது. மிஞ்சாவிட்டால், கண்கலங்க வைத்தவர் அந்த இசையமைப்பாளர். இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, எவருடைய உழைப்பு எங்கே வேலை செய்கிறது என்பது அமைப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். இசையும் அசைவும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொன்னால் ஒன்று தேவையற்றதாகிவிடுகிறது. அமெரிக்க நடன அமைப்பாளர் மேர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜோன் கேஜும் இசையையும் நடனத்தையும் தனித்தனியே அமைத்து, மேடையில் மட்டும் சந்திக்கவிட்டார்கள். அவ்வளவு தூரம் நீங்கள் போக வேண்டியதில்லை. முதல் மூன்று வார ஒத்திகையை ஓசையின்றி நடத்தி, மூச்சை மட்டும் எண்ணிக்கையாகக் கொள்ளுங்கள். நமது கூத்தில் ஆடுபவரே பாடுவதால், ஆட்டத்தின் களைப்பு அவர் குரலில் கேட்கும். அந்த இளைப்பே அவையை அவருக்கு நெருக்கமாக்குகிறது. நான் ஒத்திகை நடத்தும் மேல்மாடி அறையில் யன்னலைத் திறந்தால் கடலும், இடையிடையே கரையோர ரயிலும் கேட்கும். ரயில் கடந்தபின் வரும் அமைதியில் பிள்ளைகள் தாமாகவே அசைவை மெதுவாக்குவதைக் கவனித்து, ஒரு நடனத்தின் முடிவையே அப்படி மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: சமகால நடனம் என்றால் பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளைக் கைவிட வேண்டுமா?
– வாசகி, வத்தளை

பதில்: வேண்டாம். சென்னையில் சந்திரலேகா 1985ல் ‘அங்கிகா’வை அமைத்தபோது பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகாசனத்தையும் ஒரே உடலின் மொழியாகக் கண்டார். நமது கொழும்பில் சித்திரசேன, கண்டிய நடனத்தைச் சடங்கு வெளியிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்து, 1961ல் ‘கரதிய’வில் கடலோர மக்களின் வாழ்க்கையைச் சொன்னார். முழங்கால்களை மடித்துப் பாதி அமர்ந்த அரைமண்டி நிலையில் ஆடுபவர் நிமிர மறுப்பதும், நிமிர முடியாமல் இருப்பதும் இரண்டு வேறு கதைகள். அடவு உங்களிடம் இருப்பதால்தான் அந்த வேறுபாட்டைக் காட்ட உங்களால் முடிகிறது.

கேள்வி: போர்க்கால நினைவுகளைப் பற்றிய நடனத்துக்கான ஒத்திகையில், 19 வயது மாணவி ஒருத்தி தன் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்லி அழுதாள். அன்று அவள் ஆடியது எங்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது. அதை அப்படியே மேடையில் கொண்டுவர எண்ணுகிறேன். சரியா?
– ஆசிரியை ஒருவர், தெஹிவளை

பதில்: சரியல்ல என்றே சொல்வேன். இதை உங்கள் மேல் உள்ள மதிப்போடுதான் சொல்கிறேன், ஏனெனில் இந்த ஆசை எந்த அமைப்பாளருக்கும் வரும். அன்று உங்களை உலுக்கியது அந்தப் பிள்ளையின் ஆட்டம் அல்ல, அவளுடைய வலி. அதை ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் மறுபடி திறந்து காட்ட வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை. அவள் அழுது நடுங்கினால் தாளத்தையும் இடத்தையும் இழப்பாள், உடனாடுபவர்கள் மேல் மோதவும் கூடும். அவைக்கோ, நடனத்தை மறந்து அந்தப் பிள்ளைக்காகப் பதறுவதைத் தவிர வேறு வழியிராது.

என் வகுப்பில் நான் கதைகளைக் கேட்பதில்லை. ஒரு பொருள், ஓர் ஓசை, ஒரு கைச்செயல், இவற்றில் ஒன்றை மட்டும் கேட்பேன். அது யாருடைய நினைவு என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கிடைத்த அசைவைத் தந்தவரிடமே கொடுக்காமல் இன்னொருவருக்குக் கற்பிப்பேன். தந்தவர் வெளியே நின்று அதைப் பார்க்கலாம், கடைசி நாள் வரையில் வேண்டாம் என்று திரும்பப் பெறவும் செய்யலாம். உணர்வுக்குள் இறங்குவதற்குப் பயிற்சி தருகிற நாம், அதிலிருந்து வெளியே வருவதற்கும் பயிற்சி தர வேண்டும். சிலி நாட்டு ஆய்வாளர் சுசானா புளொக், ஒவ்வோர் உணர்வுக்கும் உரிய மூச்சையும் உடல்நிலையையும் முகத்தையும் 1970களிலிருந்து ஆராய்ந்து, அவற்றை நடிகர்களுக்கான பயிற்சியாக்கியபோது, வெளியேறும் முறையையும் சேர்த்தே வகுத்தார்: சீரான, ஆழ்ந்த, மெதுவான சில மூச்சுகள், முகத்தசைகளை முற்றாகத் தளர்த்துதல், உடல் நின்ற நிலையை மாற்றுதல். எங்கள் ஒத்திகை இப்போது இப்படித்தான் முடிகிறது. அதன்பின் எல்லோரும் சேர்ந்து தேநீர் குடித்துவிட்டே கலைகிறோம்.

அந்த மாணவியிடம் தனியே பேசுங்கள். அவளுக்கு விருப்பமிருந்தால் உளவளத்துணையாளர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மேடையேறும் நாளில், இது உண்மைக்கதை என்று ஒலிவாங்கியில் அறிவிக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் நடனம் முதல் மேடையில் எல்லோரையும் அசைத்தது. மூன்றாம் மேடை இன்னும் பெரிய அரங்கு. அங்கே முதன்மை ஆட்டக்காரி அதே அசைவுகளைத்தான் ஆடினார், ஆனால் "எனக்குள் ஒன்றுமே வரவில்லை" என்கிறார். இழந்ததை எப்படி மீட்பது?
– வாசகர், மட்டக்குளி

பதில்: ஜெர்மனியின் பினா பவுஷ் 1978ல் அமைத்துத் தாமும் ஆடிய ‘கபே முல்லர்’ நடனத்தில், கண்களை மூடியபடி மேடையில் நடமாடுவார். பின்னொரு காலத்தில் அதை மறுபடி ஆடியபோது, தமக்கு முக்கியமான ஓர் உணர்வு திரும்பி வரவில்லை என்பதைக் கண்டு தேடத் தொடங்கினார். மூடிய இமைகளுக்குள்ளே தாம் நேரே பார்க்கிறோமா, கீழே பார்க்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருந்தது என்று கடைசியில் கண்டுகொண்டார். அவையில் எவருக்கும் தெரியாத ஒரு மாற்றம் அது.

ஆகவே உங்கள் ஆட்டக்காரியிடம் உணர்வைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த இடத்தில் முதல் மேடையில் பாரம் எந்தக் காலில் இருந்தது, மூச்சு உள்ளே நின்றதா வெளியே போயிருந்ததா, கண் எதன் மேல் இருந்தது என்று கேளுங்கள். அரங்கின் அளவையும் பாருங்கள். சிறிய மண்டபத்தில் மூலையிலிருந்து நடுவுக்கு ஏழு அடியில் வந்தவர், பெரிய அரங்கில் அதே தாளத்துக்குள் பத்து அடி வைக்க நேர்ந்திருந்தால், விரைந்து வந்து மூச்சுவாங்க நின்றிருப்பார். முதல் மேடையில் அந்த இடத்தில் அவருக்கு இருந்த ஓய்வு இங்கே கிடைத்திருக்காது. அவரைத் தொடங்கும் இடத்திலிருந்து மூன்றடி முன்னால் நிறுத்தி, ஏழு அடியிலேயே வரவிட்டுப் பாருங்கள்.