வாசகர் கேள்வி–பதில்: சபர் போன இடத்தில் லீவு நாள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், சபரில், அதாவது பிழைக்கப் போன வெளிநாட்டில், வேலை நேரம் போக மிஞ்சும் பொழுதை எப்படிக் கழிப்பது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. பத்தொன்பது ஆண்டுகள் துபாய் தேராவில் துணிக்கடையில் நின்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: தேராவில் ஒரே அறையில் எட்டுப் பேர் பெட் ஸ்பேஸ் (ஆளுக்கொரு கட்டில் இடம்) எடுத்துத் தங்கியிருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அதுவும் தூக்கத்திலும் கைப்பேசியிலும் கழிந்துவிடுகிறது. மறுநாள் கடைக்குப் போகும்போது ஓய்வெடுத்த மாதிரியே இல்லை. வெளியே போனால் செலவாகும் என்று பயமாகவும் இருக்கிறது. (பெரியபட்டினத்தைச் சேர்ந்த வாசகர்)

பதில்: என் முதல் இரண்டு ஆண்டுகளை நீங்கள் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அப்போது கைப்பேசி இல்லை. வீடியோ கேசட் இருந்தது. வியாழன் இரவு கடை சாத்தியதும் நான்கு பேர் காசு போட்டு மூன்று கேசட் வாடகைக்கு எடுத்து, விடியற்காலை சுபுஹு பாங்கு வரை பார்த்துவிட்டு, அரைத் தூக்கத்தில் வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகைக்குப் போய், திரும்பி வந்து படுத்தால் பொழுது சாயும் மஃரிபுக்குத்தான் எழுவோம். அப்படிக் கழிந்த ஒரு வெள்ளிக்கு மறுநாள் காலை, வாடிக்கையாளர் ஐந்து கஜம் கேட்ட துணியை நான்கு கஜத்தில் வெட்டிவிட்டேன். அந்தத் துண்டின் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அந்த வியாழன் இரவு பார்த்த மூன்று படங்களில் ஒன்றின் கதைகூட இன்று நினைவில் இல்லை. வெட்டிய துணி கருநீலம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நம் கரையில் பிறந்தவர்களிடம் நான் கண்ட விசித்திரம் ஒன்று உண்டு. ஊரில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கடல் ஜெட்டிப் பாலத்தில் போய் உட்காராவிட்டால் இராச்சோறு இறங்காது என்றிருந்த பையன்கள், தேராவுக்கு வந்த பிறகு நடை தூரத்தில் இருக்கும் க்ரீக் என்ற கடற்கழியின் பக்கம் ஆறு மாதம் ஆனாலும் எட்டிப் பார்ப்பதில்லை. சப்கா துறையில் ஒரு திர்ஹம் கொடுத்தால் அப்ரா படகு எதிரே பர்துபாய்க் கரையில் இறக்கிவிடும். திரும்பி வர இன்னொரு திர்ஹம். தேராப் பக்கத்துத் துறையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் மரத் தோணிகளில் டயரும் குளிர்சாதனப் பெட்டியும் மூட்டை மூட்டையாகச் சரக்கும் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நான் கழித்த மாலைகளுக்குக் கணக்கில்லை. தோணி எவ்வளவு சரக்குக்கு எவ்வளவு தாழ்கிறது என்பதை நம் ஊர்க்காரனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அறைக்கு வந்து அதைச் சொன்னால், நாலு பேர் எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள்.

கோடையில் இந்த யோசனை பகலுக்கு உதவாது. வெட்டவெளியில் வேலை பார்ப்பவர்களுக்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கும்போது, அந்த வெயிலில் நாமாகப் போய் நிற்பது முட்டாள்தனம். அந்த மாதங்களில் சமையலைப் பொழுதுபோக்காக்குங்கள். பழைய தேரா மீன் சந்தை 2017இல் வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட்டுக்கு மாறிவிட்டது. விடியற்காலையில் இரண்டு பேர் அங்கே போங்கள். ஹமூர் என்று எழுதியிருப்பது நம்முடைய களவாதான், ஷேரி என்பது விளைமீன்தான் என்று கண்டுபிடித்து, கடைக்காரரிடம் பேரம் பேசி, தேங்காய்ப்பால் விட்டு ஆணம் வைத்து, எட்டுப் பேரும் ஒரே சகனை (பெரிய தட்டை) சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்போது மதியம் லுஹர் தொழுகை நேரம் ஆகிவிடும். செலவு, ஓட்டலில் தனித்தனியாகச் சாப்பிடுவதைவிடக் குறைவு. சட்டி கழுவும் முறையை மட்டும் முதலிலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நான் பார்த்த அறைச் சண்டைகளில் பாதி சட்டியில் தொடங்கியவை.

குளிர்காலம் வந்தால் காலி மணல் மைதானங்களில் கிரிக்கெட் நடக்கும். பாகிஸ்தான்காரர்கள் டென்னிஸ் பந்தின் மேல் மின்சார டேப்பை இறுக்கிச் சுற்றி ஆடுவார்கள். அது நம் ஊர்ப் பந்தைப் போல மெத்தென்று எழும்பாமல், தரையைத் தொட்டதும் வழுக்கிக்கொண்டு காலுக்கு வரும். முதல் நாள் நான் மூன்று பந்தில் மூன்று முறை ஏமாந்தேன். ஆனால், நீ வராவிட்டால் ஆள் குறையும் என்று சொல்லி விடியற்காலையில் கதவைத் தட்டிக் கூப்பிட ஒருவன் கிடைத்தான். அப்படிக் கூப்பிட ஒரு ஆள் இல்லாத பொழுதுபோக்கு எதுவும் என்னிடம் இரண்டு மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். இரவில் இரண்டு மணி நேரம் படம் பார்ப்பவர், எங்களிடம் ஐந்து நிமிடம்தான் பேசுகிறார். ‘சாப்பிட்டியா, பிள்ளை தூங்கிட்டானா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பேசுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லையா? (கீழக்கரை வாசகி)

பதில்: அன்பு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன், நேரத்தைக் கணக்குப் பாருங்கள். துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர் கடை சாத்தி, குளித்து, ஒன்பதரைக்கு அழைத்தால் உங்களுக்குப் பதினொரு மணி. பிள்ளையும் தூங்கியிருக்கும், உங்களுக்கும் கண் சொருகும். மேலும் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் அங்கே இயங்காது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளின் வழியாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்பத் தடையில்லை. எங்கள் காலத்தில் ஊருக்குப் போகிற ஆளின் கையில், பேசிப் பதிந்த கேசட்டைக் கொடுத்து அனுப்புவோம். என் உம்மா அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, பின்னால் கேட்ட ஹார்ன் சத்தம் என்ன, யார் சிரித்தது என்றெல்லாம் பதில் கேசட்டில் விசாரிப்பார்கள். அதையே நீங்களும் செய்யுங்கள். பகலில் மீன்காரம்மாவிடம் நடந்த வாக்குவாதத்தையோ, பிள்ளை மதரஸாவில் ஓதிக்கொண்டு வந்ததையோ அரை நிமிடம் பதிந்து அனுப்புங்கள். அவரிடமும், ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இந்த லீவுக்கு எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள்’ என்று கேளுங்கள். ‘எங்கேயும் போகவில்லை’ என்று நாலு வாரம் தொடர்ந்து பதில் வந்தால், மேலே பெரியபட்டினத்து வாசகருக்கு எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கடைக்கும் கட்டிலுக்கும் இடையில் மட்டுமே நடப்பவரிடம் சொல்ல ஒரு செய்தியும் சேராது; ஐந்து நிமிடப் பேச்சுக்கு எனக்குத் தெரிந்த பெரும்பாலான காரணம் அதுதான். படம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரத்தில் ஒரு படத்தை இருவரும் தனித்தனியே பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசலாம். சண்டை வந்தாலும் நல்லதே.

கேள்வி: ஊரில் பார்க்கும் தமிழ்ப் படங்கள் சில அங்கே திறப்பதில்லை என்று, அபுதாபியில் இருக்கும் மச்சான் விபிஎன் (இருக்கும் நாட்டை மறைத்து இணையத்தில் நுழையும் வழி) போட்டுப் பார்க்கிறார். இது தவறா? (தொண்டி வாசகர்)

பதில்: விபிஎன் என்பதே அங்கே குற்றமல்ல, நிறுவனங்கள் தங்கள் அலுவல்களுக்குப் பயன்படுத்துகின்றன. ஆனால் குற்றம் செய்வதற்காகவோ, செய்ததை மறைப்பதற்காகவோ அதைப் பயன்படுத்தினால், 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி ஐந்து லட்சம் முதல் இருபது லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. திருட்டுப் படத்துக்கும் தடை செய்யப்பட்ட தளத்துக்கும் அதைப் போட்டுவிட்டு, நான் படம்தானே பார்த்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கேயே திரையரங்குகளில் தமிழ்ப் படம் வெளியாகிறது. மாதம் ஒரு படத்துக்குச் சீட்டு வாங்கட்டும்.

கேள்வி: தம்பி சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா போய்ச் சாமான் வாங்கிவிட்டு வருவதோடு சரி என்கிறான். அவனுக்குப் பிடித்தது தூண்டில் ஒன்றுதான். அங்கே போட விடுவார்களா? (பாம்பன் வாசகர்)

பதில்: விடுவார்கள், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. அனுமதித்த இடங்களில் மட்டும்தான் போடலாம். நீர்த்தேக்கங்களிலும் கால்வாய்களிலும் பலகையைப் பார்க்காமல் போட்டால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இருக்கும் பிடோக் ஜெட்டி தூண்டில்காரர்களிடையே பெயர் பெற்றது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாலம் அது. பாம்பன்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் விலை உயர்ந்த கோலும் சுருளும் வைத்திருப்பதைக் கண்டு உங்கள் தம்பி கூச்சப்பட வேண்டாம். தங்கூசி நரம்பு, ஒரு ஈயக்குண்டு, இறால் துண்டு மாட்டிய முள், இவை கையில் இருந்தால் போதும். இழுவை விரலில் தெரியும் சுகம் கோல்காரர்களுக்கு வாய்க்காது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அவர் மாலை ஏழு மணிக்கு மீனோடு படம் எடுத்து அனுப்பினால் உங்களுக்கு நாலரை மணிதான். வடகடலில் அன்றைக்கு என்ன பட்டது என்று பதிலுக்கு நீங்களும் ஒரு படம் அனுப்பி வைக்கலாம்.