முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சிரிப்புக்கு இடமுண்டா?

ஹோம் கேர் வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பதாகவும், "பீ மூத்திரம் அள்ளுற வேலை, முகத்துல சிரிப்பே இருக்காது" என்று வீட்டில் தடுப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அள்ளுகிறேன், உண்மைதான். ஆனால் இங்கே சிரித்த அளவுக்கு இதற்கு முன் பார்த்த எந்த வேலையிலும் நான் சிரித்ததில்லை.

ஒரு ஐயாவைப் பற்றிச் சொல்கிறேன். அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். மறதிநோயில் மகளின் பெயர்கூடப் போய்விட்டது, பஸ் மட்டும் போகவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றப் போனால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், நம் கையைத் தட்டிவிடுவார். மூன்று நாள் அப்படியே போனது. நான்காம் நாள், "ஐயா, தாம்பரம் வந்துருச்சு, இறங்கணும்" என்று சொல்லிப் பார்த்தேன். சட்டென்று கம்பியை விட்டார். "எல்லாருக்கும் சில்லறை குடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே என் தோளைப் பிடித்து இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரே "ரைட், போலாம்" என்றார்.

அப்புறம் தினமும் அப்படித்தான். டயபர் மாற்ற வேண்டுமென்றால் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பின்னாடி ஆள் ஏறணும்" என்பேன். அவர் புரண்டு இடம் விடுவார்.

மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போது குழப்பம் கூடும். இவரும் சாயங்காலமானால் டெப்போவுக்குக் கிளம்பிவிடுவார். "நீங்க ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு" என்று மகள் சொல்லச் சொல்ல ஆத்திரம்தான் ஏறும். நான், "வண்டி பிரேக் டவுன்யா, மெக்கானிக் வந்துட்டு இருக்கார்" என்பேன். "அப்ப பயணிகளுக்கு வேற வண்டி மாத்தி விடும்மா" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு அமைதியாக டீ குடிப்பார். ஒருநாள் மகள் அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. மறுநாள் அவரே வந்து "அப்பா, மெக்கானிக் வந்துட்டாரு" என்று சொல்லிப் பார்த்தார்.

இதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சில உறவினர்கள் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். நமக்குச் சிரிப்பு வரலாம், அவருக்கு அது டியூட்டி.

மனநிறைவு பற்றியும் கேட்டீர்கள். அதே ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண்ணோடுதான் வந்தார், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். நானும் இரவு டியூட்டிக்கு வரும் அக்காவும் ஒரு நோட்டில் நேரம் எழுதி வைத்து மாறி மாறிப் புரட்டினோம். ஏர் பெட் போட்டோம், தோலில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டோம், தினம் முட்டை கொடுத்தோம். நர்ஸ் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போவார். இரண்டு மாதத்தில் புண் மூடிக்கொண்டது. புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்ததைப் பார்த்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதற்காகக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏஜென்சி எவ்வளவு பிடிக்கிறது, இருபத்துநாலு மணி நேர டியூட்டி என்றால் நீங்கள் தூங்கும் நேரம் எது, லீவுக்கு யார் மாற்று, எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு வீட்டில் எனக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். அங்கே நான் நீடிக்கவில்லை. நீங்களும் அப்படிப்பட்ட இடத்தில் இருக்க வேண்டாம். ஆள் தேவை நிறைய இருக்கிறது. இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக ஒரு தேசிய ஆய்வின் மதிப்பீடு சொல்கிறது. வேறு வீடு கிடைக்கும்.

வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே மாத்திரை நேரங்களோடு இதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை பார்த்தார், சின்ன வயதில் எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தப் பாட்டு பிடிக்கும். நான் இப்போது பார்த்துக்கொள்ளும் பாட்டி விஷயத்தில் இதைக் கேட்கத் தவறினேன். பத்து நாளாகப் போர்வையிலிருந்து நூலை உருவிக்கொண்டே இருந்தார். நோயின் படபடப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பேச்சுவாக்கில் மகன் சொன்னார், அம்மா கோயில் வாசலில் பூக்கட்டி விற்றவர் என்று. மறுநாள் உதிரி மல்லியும் வாழைநாரும் வாங்கிப் போய் மடியில் வைத்தேன். கை தானாகக் கட்ட ஆரம்பித்தது. போர்வையை மறந்தே விட்டார். முடித்ததும் ஒரு முழம் கேட்டேன். என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், பிறகு தன் கையில் அளந்தார்.

"உன் கை நீளம், கட்டுப்படியாகாது. என் முழம்தான்" என்றார்.