ஹெரால்ட் காரின் முன்பாரத்தைத் தாங்கும் மரை

பழைய கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தை வைத்திருந்த நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்ட் காரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கொட்டகையில் நிறுத்திவைத்த பிறகு மீண்டும் ஓட்ட விரும்புகிறேன். ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பும்போது மிகவும் கனக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி அசைத்தால் முன்சக்கரம் லொடலொடவென்று ஆடுகிறது. கீழேயுள்ள நிப்பிள்களில் கிரீஸ் ஏற்றி, ரப்பர் புஷ்களை மாற்றினால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். எதிலிருந்து தொடங்குவது? – வாசகர், காரைக்குடி

பதில்: கிரீஸ் ஏற்ற வேண்டாம். இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளைகளான புஷ்களும் சற்றுப் பொறுக்கட்டும். முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது, சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க் என்ற எஃகுத் தண்டின் அடிப்பகுதியில் உள்ள மரையை, அதாவது திருகுப் பள்ளங்களைத்தான்.

சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் தயாரான ஹெரால்டின் முன் சஸ்பென்ஷன், இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டிலிருந்து அப்படியே வந்தது. அந்தத் தண்டின் மேல்முனை எப்பக்கமும் திரும்பும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட்டில் நிற்கிறது. கீழ்முனையோ மரையிடப்பட்டு, டிரன்னியன் என்னும் வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. சேஸிஸையும் டிரன்னியனையும் இணைத்து மேலும் கீழும் அசையும் கீழ் ஆர்மின் மீது ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பதால், வண்டியின் அந்த மூலையின் பாரம் முழுவதும் ஆர்ம் வழியாக டிரன்னியனுக்கும், அங்கிருந்து இந்த மரைக்கும் வந்து, அதன் பிறகே சக்கரத்தைச் சேருகிறது. மரை துருப்பிடித்துத் தண்டு முறிந்தால் சக்கரம் ஃபெண்டருக்குள் மடிந்துவிடும். பெரும்பாலும் வண்டியை நிறுத்துமிடத்தில் முழுதாக ஒடித்துத் திருப்பும்போதுதான் அது நிகழ்கிறது என்றாலும், நெடுஞ்சாலையில் நிகழாது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

துருப்பிடிக்கக் காரணம் பெரும்பாலும் கிரீஸ்தான். டிரன்னியனின் அடி மூடியிருப்பதால், அது ஒரு சிறு கிணறு போல எண்ணெயைத் தேக்கிவைத்து, தண்டு சுழலச் சுழல மரை முழுவதையும் நனைக்கும்படி அமைக்கப்பட்டது. தயாரிப்பாளர் சொன்னதும் 90ஆம் எண் கியர் ஆயில்தான். கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் திரும்பி வராது. நாளடைவில் சோப்புக்கட்டி போல இறுகி, மேலே ரப்பர் சீல் வழியாக இறங்கும் மழைநீரை மரையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நிப்பிளைக் கண்டவுடன் கிரீஸ் கன்னைக் கையில் எடுப்பது நம் பட்டறைகளில் நெடுநாள் பழக்கமாகிவிட்டது. ஹெரால்டைப் பொறுத்தவரை அந்தப் பழக்கம் ஆபத்தானது என்று உங்கள் மெக்கானிக்கிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்வதால் இந்த வண்டியில் வேலை செய்ய நல்ல இடம் கிடைக்கும். சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். பிரேக் தட்டை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதியை, மேலே மூன்று நட்டுகளையும் கீழே ஒரு போல்ட்டையும் கழற்றி முழுதாக வெளியே எடுங்கள். அந்தத் தொகுதியின் உச்சியில் நடுவில் இருக்கும் நட்டில், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல், கை வைக்கவே கூடாது. டிரன்னியனைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் போல்ட் உள்ளே இருக்கும் எஃகுக் குழலோடு துருவேறி ஒட்டியிருந்தால், சுத்தியலால் அடித்து ஆர்மை வளைப்பதைவிட, இரு பக்கமும் ரம்பத்தால் அறுத்துவிட்டுப் புதிய போல்ட் போடுவது நல்லது. கீழ் ஆர்மின் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இடைவெளியைச் சரிசெய்யச் செருகிய ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை, எந்த இடத்தில் எத்தனை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மரையின் பள்ளத்தில் துரு அரித்த குழிகள் தென்பட்டால் அதை எறிந்துவிடுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்து விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்யாமல் மீண்டும் பூட்டாதீர்கள். மரை முடிந்து வழவழப்பான தண்டு தொடங்கும் இடத்தை இரண்டு முறை பாருங்கள். வெல்டிங் வைப்பதோ லேத்தில் மரையை மறுபடி வெட்டுவதோ இங்கே எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. இதே வகை அமைப்பு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரில் 1980 வரை தொடர்ந்ததால், பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. அளவுகள் இடையில் மாறியிருப்பதால் பழையதை வைத்து ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

பூட்டும்போது இரு பக்க மரைகளும் எதிரெதிர்த் திசையில் திரும்புபவை என்பதை மறவாதீர்கள். டிரன்னியனை முழுதாக ஏற்றி, பிறகு ஒரு சுற்றுக்கு மேற்படாமல் பின்வாங்கிப் பொருத்தினால்தான், ஸ்டீயரிங் இரு ஓரமும் முட்டாமல் திரும்பும். நீங்கள் சொல்லும் ஒருபக்கக் கனத்துக்கு, முன்பு யாரோ இதைத் தவறாகப் பூட்டியதும் காரணமாக இருக்கலாம். நைலான் புஷ்களையும் ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போட்டு, மேல் சீலில் கசியும் வரை ஆயிலை ஏற்றுங்கள். பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அவ்வளவு ஓடாத வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னர்.

கேள்வி: ஆர்ம்களுக்கு ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமா? – வாசகர், சேலம்

பதில்: போடலாம், தினசரி ஓட்டும் வண்டிக்கு நான் போட மாட்டேன். ரப்பர் தன்னையே முறுக்கிக்கொண்டு வளைந்துகொடுக்கிறது. பாலியூரித்தேனோ உலோகத்தின் மீது வழுக்கியாக வேண்டும். அதற்குரிய கிரீஸ் காய்ந்துவிட்டால் கிறீச்சிடும், சாலையின் அதிர்வையும் கூடுதலாக உள்ளே கொண்டுவரும்.

கேள்வி: முன் சஸ்பென்ஷன் முழுவதையும் புதுப்பித்தபின் வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நிற்கிறது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்கிறார்கள். – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வெட்டாதீர்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை முறுக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அப்படிச் செய்தால், ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பாகக் கொண்டு, வண்டியைக் கீழே இறங்கவிடாமல் முறுக்கித் தாங்கும். சில மாதங்களில் கிழிந்தும் போகும். எல்லாப் புஷ் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, சில அடி முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டபின், முன் இருக்கைகளில் இருவரை உட்காரவைத்து மீண்டும் முறுக்குங்கள். அதன் பின்னும் சக்கரத்தின் மேற்புறம் அளவுக்கு மீறி வெளியே சாய்ந்திருந்தால், கீழ் ஆர்மின் இரண்டு பிராக்கெட்டுகளிலும் சம எண்ணிக்கையில் ஷிம் சேர்த்துக் கீழ்ப்பகுதியை வெளியே தள்ள வேண்டும். வீல் அலைன்மென்ட்டுக்கு இவையெல்லாம் முடிந்த பிறகே கொண்டுசெல்லுங்கள்.